இரு பாலும் வாக்களித்த மேச்சேரி ஆடுகள்

வாசகர் கேள்வி, 17 மார்ச் 2024

மேச்சேரி ஆடு பற்றிய ஆங்கிலக் குறிப்பு ஒன்றைக் கைப்பேசியில் தமிழாக்கிப் பார்த்தேன். “இரு பாலினங்களும் வாக்களிக்கப்பட்டவை” என்று வந்தது. மூலத்தில் ‘போல்டு’ என்று இருக்கிறது. நேற்றுத்தான் தேர்தல் தேதியை அறிவித்தார்கள், அதற்குள் ஆட்டுக்கும் ஓட்டா? போல் என்றால் ஓட்டு என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தானே ஐயா?

17 மார்ச், இரவு

நான்தான். முப்பது வருடம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆட்டைப் பொறுத்தவரை விடை எளிது. ‘போல்டு’ என்றால் மோழை, அதாவது கொம்பில்லாதது. மேச்சேரி இனத்தில் கிடாவுக்கும் கொம்பு கிடையாது, பெட்டைக்கும் கிடையாது. அதைத்தான் அந்தக் குறிப்பு சொல்கிறது. நம் சேலம் மாவட்டத்து ஆட்டைப் பார்த்தவன் எவனும் இந்தத் தப்பைச் செய்யமாட்டான். கைப்பேசி ஆட்டைப் பார்த்ததில்லை.

18 மார்ச், காலை

படுத்தும் தூக்கம் வரவில்லை. கொம்பில்லாததற்கும் தேர்தலுக்கும் ஒரே சொல் எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் பாதி விடைதான்.

‘போல்’ என்ற சொல்லுக்கு முதல் பொருள் தலை. குறிப்பாகச் சொன்னால் உச்சந்தலை, முடி முளைக்கும் இடம். டச்சு, கீழ் ஜெர்மன் மொழிகளின் பக்கத்திலிருந்து பழைய ஆங்கிலேயரிடம் வந்து சேர்ந்தது. தலையை மழிப்பதும் போல், மாட்டின் கொம்பை எடுத்துவிட்டு உச்சியைச் சமமாக்குவதும் போல். ஒரு கூட்டத்தில் எத்தனை பேர் என்று தலையை எண்ணினால் அதுவும் போல். இந்தக் கடைசி வழியாகத்தான் 17ஆம் நூற்றாண்டில் தேர்தலுக்குள் நுழைந்தது.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் வேட்பாளரை மேடையில் நிறுத்திக் கூட்டத்தைக் கை தூக்கச் சொல்வார்கள். யார் பக்கம் கை அதிகம் என்று பார்த்த பார்வையிலேயே முடிவு. தோற்றவன் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் “போல் வேண்டும்” என்று கேட்கலாம். அதாவது, கண்ணளவு போதாது, ஒவ்வொரு தலையாக எண்ணு என்று பொருள். ஆகவே போல் என்பது ஓட்டுப் போடுவதன் பெயர் அல்ல. எண்ணிக்கையின் பெயர்.

18 மார்ச், பிற்பகல்

தமிழில் எழுதினால் ‘புலி போல்’ என்பதில் வரும் போலும் இதுவும் ஒன்றாகிவிடுகிறதே என்று ஆத்தூரிலிருந்து ஒருவர் வருத்தப்படுகிறார். வருத்தம் எதற்கு? அந்தப் போலிலிருந்துதான் போலி வந்தது. போலி வாக்காளர் என்று எழுதினால் இரண்டு மொழிக்கும் ஒரே செலவில் வேலை முடிகிறது.

20 மார்ச்

தவளைக் குஞ்சுக்கு ஆங்கிலத்தில் ‘டாட்போல்’. டாட் என்றால் தேரை, போல் என்றால் தலை. எழுத்து சற்று மாறியிருக்கிறது, சொல் அதேதான். உடம்பெல்லாம் தலையாக நீந்துவதால் அந்தப் பெயர். நாம் தலைப்பிரட்டை என்கிறோம். ஒருவரை ஒருவர் கேட்காமலே இரண்டு மொழியும் அந்தப் பிராணியிடம் தலையைத்தான் பார்த்திருக்கின்றன. இது கண்ணில் பட்டபோது நான் எழுந்து போய் அக்காவிடம் சொன்னேன். “சரி, கிணற்று மோட்டாரை நிறுத்து” என்றாள்.

23 மார்ச்

‘பொல்லார்டு’ என்பதையும் இதோடு சேர்க்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தாராளமாகச் சேர்க்கலாம். மரத்தின் தலையை வெட்டிப் பக்கக் கிளைகளைத் தழையவிடுவது அது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களின் கிளையைக் கழித்து, வேண்டிய அளவு வெயிலைக் கீழே விடுவார்கள். அங்கே அதற்குப் பெயர் கவாத்து. ஆனால் கிளையைக் கழிப்பது வேறு, தலையை வெட்டுவது வேறு. பொல்லார்டு என்ற சொல்லுக்குச் சரியான மாதிரி நம் கொல்லை முருங்கைதான். ஆள் உயரத்தில் ஒரே வெட்டு. வெட்டுவாயில் மழைநீர் இறங்கி மரம் அழுகாமல் இருக்க ஒரு கை சாணியை உருண்டையாக அப்பிவிடுவாள் அம்மா. இரண்டு வாரத்தில் சாணித் தொப்பிக்குக் கீழே சுற்றிலும் பச்சை மொட்டு கிளம்பும். அந்தத் தொப்பி வைத்த மரத்தைப் பார்த்திருந்தால் ‘போல்’ என்பது தலை என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருந்திருக்காது. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், எட்டவில்லை.

24 மார்ச்

இப்போது ஒரு பழைய பாவத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ‘போல் டாக்ஸ்’ என்பதை வாக்கு வரி என்று நான் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன். ஒரு வருடமல்ல, பல வருடம்.

அது தலைவரி. தலைக்கு இவ்வளவு என்று, இருப்பவன் இல்லாதவன் பார்க்காமல் வாங்குவது. 1377இலிருந்து நான்கு வருடத்துக்குள் மூன்று முறை இங்கிலாந்தில் போட்டார்கள். மூன்றாவது முறை தலைக்கு ஒரு ஷில்லிங். பண்ணையாருக்கும் ஒரு ஷில்லிங், பண்ணையாளுக்கும் ஒரு ஷில்லிங் என்ற கணக்கில் 1381இல் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1989இல் ஸ்காட்லாந்திலும் 1990இல் இங்கிலாந்திலும் தாட்சர் அரசு கொண்டுவந்த வரிக்குச் சட்டத்தில் வேறு பெயர்தான் இருந்தது. சனங்கள் இந்தப் பழைய பெயரை எடுத்து அதன் தலையில் கட்டினார்கள். 1993இல் அது போயே போய்விட்டது.

என் குழப்பத்துக்குக் காரணம் அமெரிக்கா. அங்கே தென்மாநிலங்களில் தலைவரி கட்டிய ரசீது இருந்தால்தான் ஓட்டு என்று வைத்திருந்தார்கள். கறுப்பர்களையும் ஏழைகளையும் சாவடிப் பக்கமே வரவிடாமல் தடுக்கும் ஏற்பாடு. 1964இல் வந்த 24ஆவது திருத்தம் கூட்டாட்சித் தேர்தல்களில் அதை ஒழித்தது, 1966இல் உச்ச நீதிமன்றம் மாநிலத் தேர்தல்களிலும் ஒழித்தது. வரியும் ஓட்டும் இப்படி ஒட்டிக்கொண்டு நின்றதால் ஓட்டுக்கான வரி என்று நினைத்துவிட்டேன். அமெரிக்கர்களிலேயே பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்பது எனக்குச் சமாதானம் ஆகாது.

இதில் வெட்கம் என்னவென்றால், தலைவரி என் வீட்டு வாசலிலேயே இருந்தது. எங்கள் ஊர் மலையடியில், வாழப்பாடிப் பக்கம். மாரியம்மன் பண்டிகைக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். மணமான ஆண் ஒரு தலைக்கட்டு. அவன் மனைவி அந்தத் தலைக்குள்ளேயே அடக்கம். விதவை என்றால் அரை. 1968இல் அப்பா தவறிய பிறகு எங்கள் வீடு அரைத் தலைக்கட்டு ஆனது. பண்டிகை முடிந்து கிடா வெட்டிக் கூறு போடும்போது அரை வரிக்கு அரைக் கூறுதான். தேக்கிலையில் கட்டி என் கையில் கொடுப்பார்கள். பக்கத்து வீட்டுப் பையன் கையில் இருந்த பொட்டலத்தைப் பார்க்காமல் நடந்து வரப் பழகிக்கொண்டேன்.

27 மார்ச்

சேலத்திலிருந்து ஒரு கணக்குத் தணிக்கையாளர் என் 18ஆம் தேதிக் குறிப்பில் ஓர் ஓட்டை போட்டிருக்கிறார். சரியான ஓட்டை. மின்னணு வாக்கு வைக்காத கம்பெனிக் கூட்டங்களில் இன்றைக்கும் முதலில் கை தூக்கித்தான் தீர்மானம். அதில் திருப்தி இல்லாதவர்கள், உரிய பங்கு வைத்திருந்தால், “போல்” கேட்கலாம். 2013ஆம் வருடக் கம்பெனிச் சட்டத்தின் 109ஆவது பிரிவு அதற்குத்தான். ஆனால் அங்கே போல் கேட்டுவிட்டால் தலையை எண்ணுவதில்லை, பங்கை எண்ணுகிறார்கள்! கை தூக்கும்போது ஆளுக்கு ஒன்று. போல் என்று வந்துவிட்டால் ஆயிரம் பங்கு வைத்திருப்பவருக்கு ஆயிரம்.

ஆக, தலை என்று பொருள்படும் சொல், தலையை எண்ணாத ஒரே இடத்தில் சட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. தணிக்கையாளருக்கு நன்றி. என் கோட்பாட்டுக்கு அனுதாபம்.

31 மார்ச்

போலைச் சொன்னீர்கள், வோட்டை விட்டுவிட்டீர்கள் என்கிறார் முதலில் கேள்வி கேட்ட தம்பி. வோட் லத்தீனிலிருந்து வந்தது. அங்கே அது நேர்த்திக்கடன், வேண்டுதல். சாமிக்கு நேர்ந்துகொள்வது.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். ஒன்று தலை, அல்லது தலையை மழிப்பது. இன்னொன்று நேர்த்திக்கடன். பழைய ஆங்கில விவிலியத்தில் தாவீது அரசனின் மகன் அப்சலோம் வருடத்துக்கு ஒரு முறை முடி இறக்கும் இடத்திலும் இந்தப் போல்தான் வருகிறது. வேண்டிக்கொண்டு மொட்டை போடுகிற நமக்கு இந்தச் சொற்களை விளக்க ஆங்கிலேயன் எதற்கு?

போட்டியிடுபவரைக் குறிக்கும் ‘கேண்டிடேட்’ என்ற சொல்லுக்கு லத்தீனில் வெள்ளை உடுத்தியவர் என்று பொருள். இதற்கு நான் குறிப்பு எதுவும் எழுதப்போவதில்லை. வாசலில் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்கிறது, எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

5 ஏப்ரல்

‘பேலட்’ என்றால் சின்ன உருண்டை, இத்தாலியச் சொல். பந்தைப் போட்டு முடிவு செய்த காலத்தின் மிச்சம். “நாம் அவர்களுக்கு முன்பே ஓலையில் ஓட்டுப் போட்டோம், உத்திரமேரூர் குடவோலை தெரியாதா” என்று நான்கு பேர் எழுதிவிட்டார்கள். தெரியும். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, 919, 921. ஆனால் அது ஓட்டு அல்ல. தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். திருவுளச் சீட்டு. தகுதிக்கு நிலமும் வீடும் வேதப் படிப்பும் கேட்டார்கள், ஒழுக்கம் கெட்டவர்களையும் கணக்குக் காட்டாதவர்களையும் தள்ளினார்கள். கணக்குக் காட்டாதவரைத் தள்ளியதற்குப் பெருமைப்படலாம். தலையை எண்ணியதாகச் சொல்ல வேண்டாம்.

7 ஏப்ரல்

லண்டனில் இருக்கும் என் அண்ணன் மகனுக்கு ஒரு சந்தேகம். அங்கே ‘போலிங் பூத்’ என்றால் ஓட்டுக் குறிக்கிற தடுப்பு மட்டும், கட்டடம் ‘போலிங் ஸ்டேஷன்’. நாம் கட்டடத்தையே பூத் என்கிறோமே, தப்பில்லையா? நம் 1951ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்திலும் ஸ்டேஷன் என்றுதான் இருக்கிறது. ஆனால் சனங்கள் பூத் என்றார்கள், பூத் ஸ்லிப் வந்தது, பூத் ஏஜெண்ட் வந்தார். கடைசியில் சாவடியைக் கைப்பற்றும் குற்றத்தைச் சட்டத்தில் எழுதியபோது அங்கும் பூத் என்றே எழுதிவிட்டார்கள். இனி அதைத் தப்பு என்பவன்தான் தப்பு. தமிழுக்கு இந்தத் தொல்லையே இல்லை. சாவடி என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டோம்.

அவன் தன் இனிஷியலை நீட்டிக் குடும்பப் பெயராக மாற்றிக்கொண்ட பத்திரத்துக்கு ‘டீட் போல்’ என்று பெயராம். அதுவும் நம்முடையதுதான். ஓரம் மழித்த பத்திரம் என்று பொருள். இரண்டு தரப்பு ஒப்பந்தமாக இருந்தால் பத்திரம் எழுதிய தோலைப் பல் பல்லாக வெட்டி ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்வார்கள், பின்னால் பல்லோடு பல் பொருந்துகிறதா என்று பார்க்க. அந்தப் பல் பத்திரம்தான் ‘இண்டென்ச்சர்’. கடல் கடந்து கரும்புத் தோட்டத்துக்குப் போன நம் ஆட்கள் கைநாட்டு வைத்ததும் அந்தப் பெயர் கொண்ட தாளில்தான். ஒரே ஆள் எழுதிக்கொடுப்பதற்குப் பல் தேவையில்லை, ஓரத்தை மொட்டையடித்தால் போதும்.

14 ஏப்ரல்

டீக்கடையில் காதில் விழுந்தது: “ஓட்டுக்கு எவ்வளவாம்?” “தலைக்குத்தான் கொடுப்பார்கள், வீட்டுக்கு இல்லை.” சொல்லின் வேரை இந்த நாட்டில் மறக்காமல் வைத்திருப்பவர்கள் யார் என்று தெரிந்துகொண்டேன். யார் கொடுத்தார்கள், கொடுத்தார்களா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

19 ஏப்ரல், இரவு

காலையில் ஏழரைக்கே போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தேன். எங்கள் ஊர் ஏற்காடு சட்டமன்றத் தொகுதி, நாடாளுமன்றத்துக்குக் கள்ளக்குறிச்சி. சேலத்துக்காரன் என்று சொல்லிக்கொண்டே கள்ளக்குறிச்சிக்கு ஓட்டுப் போடுவதில் ஒரு சின்ன உறுத்தல் இப்போதும் உண்டு. வெயில் தாங்கவில்லை. அக்கா குடை பிடித்துக்கொண்டு நின்றாள்.

மையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தபோது 2011 நினைவுக்கு வந்தது. அப்போது சேலம் நகரத்தில் குடியிருந்தேன், மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்குத் தேர்தல் வேலை. முந்தின நாளே பெட்டி படுக்கையோடு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறியாயிற்று. மதியத்துக்கு மேல் ஒரு பெரியவர் வந்தார். 17ஏ என்ற வாக்காளர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார், விரலில் மை வைத்துக்கொண்டார். இயந்திரத்துப் பக்கம் கை காட்டினால் நகரவில்லை.

“போதும்” என்றார்.

“இன்னும் ஓட்டுப் போடவில்லையே ஐயா.”

“அதோ உட்கார்ந்திருப்பவன் என் பேரன். அவனுக்குப் பக்கத்தில் இருப்பவர் என் மருமகன். ஆளுக்கு ஒரு கட்சிக்கு ஏஜெண்டு. நான் வந்ததை இரண்டு பேரும் பார்த்துவிட்டார்கள். எனக்கு அவ்வளவுதான் வேலை.”

ஏஜெண்டுகள் இருவரும் கூரையைப் பார்த்தார்கள். விதி 49ஓ இருந்தது. வாக்களிக்க மறுத்தார் என்று அவர் பெயருக்கு நேரே குறித்து மறுபடியும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டேன். மாலையில் வாசலில் நின்ற வரிசைக்குக் கடைசி ஆளிலிருந்து சீட்டுக் கொடுத்து, கடைசி ஓட்டையும் முடித்து, இயந்திரத்தை மூடும் பொத்தானை அமுக்கியாயிற்று. பதிவேட்டில் 612. இயந்திரத்தில் 611. உதவிக்கு வந்திருந்த இளைஞர் வியர்த்துவிட்டார், மூன்று முறை பதிவேட்டைப் பக்கம் பக்கமாக எண்ணினார். அரக்குக்கு ஏற்றிய மெழுகுவர்த்தி பாதி எரிந்துவிட்டது. நான்தான் பெரியவரை நினைவுபடுத்தினேன்.

612 தலை, 611 நேர்த்தி. போலும் வோட்டும் வேறு வேறு என்பதை அன்றைக்கே கையால் எழுதி 17சி என்ற வாக்குக் கணக்குப் படிவத்தில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போய் மறுபடியும் போல் என்றால் ஓட்டு என்று நடத்தினேன்.

20 ஏப்ரல்

நேற்று எழுதியதில் பெரியவரை ரசித்து எழுதிவிட்டேன். அதில் ஒரு பக்கம் விட்டுப்போயிற்று. அவருக்கு எல்லோரும் பார்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம். பார்த்துவிடுவார்களே என்று பயப்படுகிறவருக்கு அந்த விதி உதவாது. யார் மறுத்தார் என்பது ஏஜெண்டு வரைக்கும் தெரிந்துவிடும். உச்ச நீதிமன்றம் 2013 செப்டம்பர் 27இல் சொன்னதும் அதுதான். மறுப்பதும் ரகசியமாக இருக்க வேண்டும், அதற்கும் ஒரு பொத்தான் வை என்றது.

அந்தப் பொத்தான், நோட்டா, தமிழ்நாட்டில் முதலில் வந்தது எங்கள் ஏற்காட்டுக்குத்தான். 2013 டிசம்பர் 4, இடைத்தேர்தல். அதற்கும் போனேன். நோட்டாவுக்கு அப்போது சின்னம் கிடையாது, அதெல்லாம் 2015இல் வந்தது. பட்டியலின் அடியில் எழுத்து மட்டும். குளிரில் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்த ஒரு பாட்டி, படமில்லாத பொத்தான் எதற்கு என்று கேட்டார். யாரும் வேண்டாம் என்றால் அமுக்குவது என்றேன். “யாரும் வேண்டாம் என்று சொல்ல இந்தக் குளிரில் யாராவது வருவார்களா?” என்றார். தொகுதியில் நான்காயிரம் பேருக்கு மேல் வந்து அமுக்கியிருந்தார்கள். பாட்டி எதை அமுக்கினார் என்பது எனக்குத் தெரியாது. தெரியக் கூடாது.

2 ஜூன்

நேற்று மாலை ஆறரை மணி வரை வாயைக் கட்டி வைத்திருந்தார்கள். ஆறரை அடித்ததும் எல்லாத் தொலைக்காட்சியிலும் ‘எக்ஸிட் போல்’. வெளியேறும் கருத்துக்கணிப்பு என்று ஒருவர் தமிழாக்கினார். கருத்து எங்கே வெளியேறுகிறது? ஓட்டுப் போட்டு வெளியே வந்தவரிடம் கேட்பது, அவ்வளவுதான். வாக்குக் கணிப்பு போதும். இதில் போல் என்ற சொல் தலையிலிருந்து வாய்க்கு இறங்கிவிட்டது. தலை பொய் சொல்லாது, வாய் சொல்லும். எங்கள் ஊரில் இதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டால் மாற்றித்தான் சொல்வேன்.

5 ஜூன்

ஆளும் கூட்டணிக்கு 350க்கு மேல் என்று பெரும்பாலான கணிப்புகள் சொல்லியிருந்தன. 293. முந்தின குறிப்பின் கடைசி வரியை நான் மட்டும் எழுதவில்லை போல.

(இந்தப் போல் தமிழ்ப் போல்.)

9 ஜூன், ஞாயிறு

செவ்வாய்க்கிழமை மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுகிறார்கள். காலையில் வரி வசூலுக்கு இரண்டு பையன்கள் ரசீதுப் புத்தகத்தோடு வந்தார்கள். ஒருவன் என் பழைய மாணவனின் மகன். தலைக்கட்டுக்கு 500 ரூபாய். “உங்களுக்கு ஒன்று, பெரியம்மாவுக்கு அரை, மொத்தம் 750” என்று எழுதப் போனான்.

நான் விடவில்லை. மூன்று மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறேனே, வாய் சும்மா இருக்குமா? இந்த வீட்டில் மூன்று பேர் ஓட்டுப் போட்டோம், நான், என் மனைவி, அக்கா. விரலைப் பார், மூன்று மை. சாவடியில் அக்காவை அரை என்று எழுதினார்களா? என் மனைவியை என் தலைக்குள் அடக்கினார்களா? மூன்று தலைக்கட்டு போடு, 1,500 எழுது என்றேன். பையன் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். “நீ உன் ஆங்கிலத்தை அந்தப் பெட்டியிலேயே வைத்துக்கொள்” என்றாள். “தம்பி, 750 எழுது. அம்மா காலத்திலிருந்து அரைக் கூறு தின்றே பழகிவிட்டது, அரை வரியையும் விட்டுவிட வேண்டுமா?”

பையன் 750 எழுதிக் கிழித்துக் கொடுத்தான். என் மனைவி சிரித்துக்கொண்டே பணம் எடுத்துவரப் போனாள்.

பையன்கள் அடுத்த வீட்டுக்குப் போனதும் அக்கா மஞ்சள் பையை என்னிடம் நீட்டினாள். காப்புக் கட்டிவிட்டால் பண்டிகை முடியும்வரை கறி கிடையாது, மிச்சமான பணத்தில் இன்றைக்கே ஒரு கிலோ எடுத்து வா, மேச்சேரி ஆடாகப் பார்த்து வாங்கு என்றாள். கடையில் தலையும் தொங்கிக்கொண்டிருந்தது. கொம்பில்லை. வாங்கிவிட்டேன்.